எழுபது வளைவும் முப்பத்திரண்டு பங்கும்

சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறையில், புதுச்சேரிக் கடலில் காலை வேளையில் இரண்டு முறை முக்குளித்து எழுந்து, கரையேறிய களைப்பு நீங்குமுன்னே பகல் பஸ்ஸைப் பிடித்து, விழுப்புரம், சேலம் என்று வண்டி மாறி, நாமக்கல்லில் கொல்லிமலைக்குப் போகும் இரவு பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் கிடைத்த சந்தோஷத்தோடு உட்கார்ந்தவன், அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டி நாற்பதாவது வளைவோ ஐம்பதாவது வளைவோ திரும்பும்போது, வலது தோள்மூட்டுக்குள் ஆணியை மெல்ல மெல்லச் செலுத்துவது போன்ற ஒரு வலியை உணர்ந்தேன். பையைத் தூக்கிச் சுமந்ததால் வந்த பிடிப்பு என்று எண்ணினேன். வீடு வந்து சேர்ந்து, அம்மா வைத்துக் கொடுத்த மிளகு ரசத்தைக் குடித்து, தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன். மறுநாள் மத்தியானம் வலி தானாகவே விட்டது. நானும் அதை மறந்துவிட்டேன்.

மறந்திருக்கக் கூடாத விஷயம் அது என்பதை ஏழு மாதங்கள் கழித்து, நைட்ராக்ஸ் என்னும் செறிவூட்டிய காற்றைச் சுவாசித்து முக்குளிப்பதற்கான சான்றிதழ்ப் பயிற்சியின் முதல் நாள் மாலையில்தான் அறிந்துகொண்டேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே பிரதான காரணம். மலையில் பிறந்து, மலையிலேயே உத்தியோகமும் பார்த்துக்கொண்டு, கடலின்மீது தீராத ஆசை வைத்திருப்பவர்கள் ஏற்காட்டிலும் நீலகிரியிலும் வால்பாறையிலும் என்னைப்போல் இன்னும் சிலர் இருக்கத்தான் செய்வார்கள். பயிற்சி தரும் இடங்களெல்லாம் சமுத்திரக் கரையில் இருக்கின்றன. அங்கே பாடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் சமவெளிக்காரர்கள். ஆகவே மலைக்காரனுக்கு வேண்டிய ஒரு வார்த்தை அங்கே விட்டுப்போவதற்கு இடம் உண்டு. எனக்கு முதற்பயிற்சி தந்த இடத்தில், முக்குளித்த பிறகு விமானத்தில் ஏறக்கூடாது என்று சொன்னார்கள். புத்தகத்திலும் அப்படியே இருந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறுவதும் ஒருவகை ஆகாய யாத்திரைதான் என்பதை அவர்களும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அறிவியல் போதிக்கும் எனக்கும் தோன்றவில்லை.

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் எங்கள் ஆலத்தூர் நாடும் ஒன்று. சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளைகிற மேட்டு நிலத்துக்கும், சில்வர் ஓக் மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகளுக்கும், அவற்றின் நிழலில் வளரும் காப்பிச் செடிகளுக்கும் நடுவே என் பால்யம் கழிந்தது. நீந்தக் கற்றது ஓடையில். கடலை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. அன்று அலையைவிட என்னை ஆட்கொண்டது, அந்த அலைக்கு அடியில் இன்னொரு தேசம் இருக்கிறது என்ற நினைவுதான். அதைப் போய்ப் பார்ப்பதற்கு இன்னொரு பதினெட்டு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

இந்த ஆண்டு கோடை விடுமுறையில் அந்தமான் போவதென்று, என்னோடு கல்லூரியில் படித்த இரண்டு நண்பர்களும் நானும் தை மாதத்திலேயே தீர்மானித்துவிட்டோம். 2018-ஆம் ஆண்டு முதல் ஸ்வராஜ் தீவு என்று வழங்கும் ஹேவ்லாக் தீவை அடுத்த கடலில், ஜானீஸ் கார்ஜ், டிக்ஸன்ஸ் பினாக்கிள் என்று முக்குளிப்போர் பெயர் சொல்லிப் பரவசப்படும் இடங்கள் இருக்கின்றன. அங்கே காணத்தக்கவற்றில் பல முப்பது மீட்டரை ஒட்டிய ஆழத்தில்தான் கிடக்கின்றன. சாதாரணக் காற்றைக் கொண்டு அங்கே இறங்கினால், நான் பயின்ற அட்டவணைப்படி இருபது நிமிஷம்தான் கணக்கு. இவ்வளவு தூரம் கப்பலோ விமானமோ ஏறிப் போய், இருபது நிமிஷத்தில் கைக்கடிகாரம்போல் கட்டிய டைவ் கம்ப்யூட்டர் 'எழுந்து வா' என்று அழைத்துவிட்டால் மனம் ஆறுமா? நைட்ராக்ஸ் சான்றிதழை முன்னதாகவே வாங்கிக்கொள் என்று நண்பன் சொன்னதும், சித்திரை பிறந்த கையோடு புதுச்சேரிக்குப் புறப்பட்டேன்.

புறப்படுகையில் அப்பா காப்பிக் களத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஏஞ்சாமி, தண்ணிக்கடியில மூச்சு உடறதுக்குக்கூட பரீட்சை வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படின்னா நல்லா எழுதிப்போட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொட்டையைப் புரட்டிப் போடுவதில் மறுபடியும் முனைந்துவிட்டார். பரீட்சை என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் என்றைக்கும் அந்த மரியாதை உண்டு.

நைட்ராக்ஸ் என்பது அபூர்வமான ஒரு வாயு அன்று. நாம் எல்லோரும் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ இருபத்தொரு பங்கு பிராணவாயுவும், மிச்சத்தில் பெரும்பகுதி நைட்ரஜனும் இருக்கின்றன. பிராணவாயுவின் பங்கை முப்பத்திரண்டாகவோ முப்பத்தாறாகவோ உயர்த்தி, நைட்ரஜனின் பங்கை அந்த அளவுக்குக் குறைத்துவிட்டால் அதுவே நைட்ராக்ஸ். அமெரிக்க அரசாங்கத்தின் கடல்-வளிமண்டல நிறுவனமான நோவாவில் மார்கன் வெல்ஸ் என்பவர் 1970-களில் இந்தக் கலவைகளுக்கான முறைகளை வகுத்தார். அதே நிறுவனத்தில் பணிபுரிந்த டிக் ருட்கௌஸ்கி 1985-இல் பொதுமக்களுக்கும் இதைக் கற்பிக்க ஒரு சங்கம் தொடங்கினார். பழைய முக்குளிப்பு உலகம் இதை நெடுநாள் சந்தேகக் கண்ணோடுதான் நோக்கியது. பாடி என்ற பெரிய பயிற்சி அமைப்பு இதற்கெனத் தனிப்பாடம் ஏற்படுத்தியது 1996-இல்தான்.

நைட்ரஜனைக் குறைப்பதனால் என்ன லாபம்? இங்கேதான் என் தோள்வலியின் கதை வருகிறது. கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும் நம்மீது ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. முப்பது மீட்டரில், மேலேயுள்ள காற்றையும் சேர்த்து, நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன், சரீரத்துக்குப் பயன்படாத பொருளாதலால், இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் கரைந்து தங்கிவிடுகிறது. மெதுவாக மேலே வந்தால், வந்த வழியே நுரையீரல் மூலம் வெளியேறும். அவசரமாக வந்தால், கோலி சோடாவின் குண்டை அழுத்தியதும் பொங்குகிற வாயுவைப்போல், இருந்த இடத்திலேயே குமிழியாகும். மூட்டில் குமிழி கட்டினால் வலி. முதுகுத்தண்டில் கட்டினால் கால்கள் செயலிழக்கலாம். இது நைட்ரஜனின் வேலை என்பதை 1878-இல் பாரிஸில் வெளியான தம் பெருநூலில் நிரூபித்தவர் பால் பெர்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், மலைக்காரனாகிய எனக்கு அவர்மீது தனியான பக்தி ஏற்பட்டுவிட்டது. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்பவர், பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறையில் அடைத்துவைத்து, எவ்வளவு அழுத்தத்திலிருந்து எவ்வளவு நிதானமாக வெளியே கொண்டுவந்தால் அவற்றின் கால் நொண்டாது என்று சோதித்து, 1908-இல் முதல் அட்டவணையை வெளியிட்டார். உலகெங்கும் முக்குளிப்போர் இன்று கையில் கட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர்களுக்குள் இருக்கும் கணக்கு அந்த ஆடுகளின் வழிவந்ததே. அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1911-இல், அதே ஹால்டேன் அமெரிக்காவில் கொலராடோவிலுள்ள பைக்ஸ் பீக் என்னும் சிகரத்துக்குச் சென்று, உயர்ந்த இடத்தில் மனிதன் சுவாசிக்கும் விதத்தை வாரக்கணக்கில் ஆராய்ந்தார். கடலின் ஆழத்தையும் மலையின் உச்சியையும் ஒரே கேள்வியின் இரு முனைகளாகக் கண்டவர் அவர் என்று எனக்குப் படுகிறது. அவருடைய மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன், இரண்டாம் உலகப் போரின்போது அழுத்த அறைக்குள் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு, அளவு மீறிய பிராணவாயுவால் வலிப்பு வந்து, முதுகெலும்பில் காயமும் பட்டார். அந்த மகன்தான் 1957-இல் நம் தேசத்துக்குக் குடிவந்து, கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றி, இந்தியக் குடியுரிமையும் பெற்று, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார். பிராணவாயு விஷமாகவும் கூடும் என்ற பாடத்தைத் தம் முதுகில் எழுதிக்கொண்ட ஒருவர் நம் மண்ணில் வாழ்ந்து மறைந்தார் என்பதைப் பயிற்சிக்குப் போகும்வரை நான் அறியேன்.

எனக்குப் பாடம் சொன்னவர் தூத்துக்குடிக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். 'சார்' என்றே கடைசிவரை அழைத்தார். முதல் நாள் மாலை, என் ஊர் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"கொல்லிமலையா? எவ்வளவு உசரம் சார்?"

"எங்க பக்கம் ஆயிரம் மீட்டருக்கு மேல இருக்கும்."

"போன தடவ டைவ் முடிச்சிட்டு அன்னைக்கே ஏறிட்டியளா?"

ஏறினேன் என்றேன், தோள் வலித்ததையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அது பெரும்பாலும் நைட்ரஜன் குமிழியால் வந்த வலியாகவே இருக்கும் என்றும், அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய் பிராணவாயு வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றும், வலி தானாக விட்டதை நல்லகாலம் என்றுதான் சொல்லவேண்டும் என்றும் நிதானமாக எடுத்துரைத்தார். முக்குளிப்போரின் உடல்நலத்துக்கென இயங்கும் டான் என்ற அமைப்பின் வழிகாட்டுதலில், முக்குளித்தபின் 2,000 அடிக்கு மேற்பட்ட உயரத்துக்குப் போவது எதுவாயினும் விமானப் பயணத்தோடு சேர்த்தே எண்ணப்படுகிறது; ஒருமுறை மூழ்கினால் பன்னிரண்டு மணி நேரமும், பலமுறை மூழ்கினால் பதினெட்டு மணி நேரமும் குறைந்தபட்சம் காத்திருக்க வேண்டும். நானோ இரண்டு முறை மூழ்கிவிட்டு, பத்து மணி நேரத்துக்குள் மூவாயிரம் அடிக்கு மேல் ஏறியிருக்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கோலிக் குண்டு இன்னும் சிறிது உள்ளே அழுந்தியிருக்கிறது.

"நைட்ராக்ஸ் படிச்சா இந்தக் காத்திருப்பு வேண்டாமா தம்பி?" என்று கேட்டேன். எல்லோரும் கேட்கிற கேள்வியாம் அது. நைட்ரஜன் குறைவாகச் சேருவது உண்மை. என்றாலும் காத்திருக்கும் நேரத்தில் சலுகை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். "மலைக்குப் போறவுகளுக்கு வீடு போய்ச் சேருறதும் டைவ்ல ஒரு பகுதிதான் சார். இத மட்டும் மறந்துராதிய" என்று அவர் சொன்ன வார்த்தையை நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

பாடம் நீண்டதன்று; ஸ்கூபாவில் சுலபமான சான்றிதழ்களில் இதுவும் ஒன்று என்றுகூடச் சொல்லலாம். ஆயினும் அதன் நடுவே இருக்கும் ஒரு கணக்கு, பிசகினால் உயிர் போகும் கணக்கு. நைட்ரஜன் குறைந்த இடத்தில் பிராணவாயு கூடியிருக்கிறதல்லவா? ஆழத்தில் அதுவும் அழுத்தப்படுகிறது. மொத்த அழுத்தத்தில் அதற்குரிய பங்கான பகுதி அழுத்தம் 1.4 வளிமண்டலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், 1.6 என்பது எந்தக் காரணத்தாலும் மீறக்கூடாத எல்லை. மீறினால் ஜே. பி. எஸ். ஹால்டேனுக்கு வந்த அந்த வலிப்பு வரலாம். அவருக்கு அழுத்த அறையில் வந்தது, நமக்கு வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டர் நழுவிவிழும் ஆழ்கடலில் வரும். முன்னறிவிப்பு இல்லாமலே வரவும் கூடும். ஆகவே முப்பத்திரண்டு பங்குக் கலவைக்கு 33 மீட்டரும், முப்பத்தாறு பங்குக் கலவைக்கு 28 மீட்டரும்தான் ஆழத்தின் எல்லை. பிராணவாயு அதிகம் என்றால் அதிக ஆழம் போகலாம் என்று நினைப்பவர்கள் பலர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை நேர்மாறானது: காற்றைக் கொண்டு போகக்கூடிய ஆழத்துக்கு இதைக் கொண்டு போகக்கூடாது. இது ஆழத்தைத் தருவதில்லை; ஆழத்தில் நேரத்தைத் தருகிறது.

எவ்வளவு நேரம் என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிற பழக்கம் விடமாட்டேன் என்கிறது. முப்பது மீட்டரில் மொத்த அழுத்தம் நான்கு. முப்பத்திரண்டு பங்குக் கலவையில் நைட்ரஜன் அறுபத்தெட்டு பங்கு. நான்கால் பெருக்கினால் 2.72. சாதாரணக் காற்றில் நைட்ரஜன் எழுபத்தொன்பது பங்கு என்று வைத்து 2.72-ஐ 0.79-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.44, அதாவது காற்றைச் சுவாசித்துக்கொண்டு 24.4 மீட்டரில் இருப்பதற்குச் சமானம். அட்டவணையில் அதற்கு அடுத்த 25 மீட்டர் வரிசையைப் பார்த்தால் இருபத்தொன்பது நிமிஷம் இருக்கிறது. இருபது நிமிஷம் இருபத்தொன்பது ஆகிறது. ஒன்பது நிமிஷத்துக்காகவா இவ்வளவு சிரமம் என்று கேட்பவர்கள், கடலடியில் ஓர் ஆமை அருகே வந்து நின்று பார்த்துவிட்டுப் போகும் ஒரு நிமிஷம் எவ்வளவு நீளமானது என்பதை அனுபவித்திருக்க மாட்டார்கள்.

இரண்டாம் நாள் விடியற்காலை, மோட்டார் படகு புறப்படுமுன், சிலிண்டர்கள் அடுக்கியிருந்த கொட்டகைக்கு ஆசிரியர் என்னை அழைத்துச் சென்றார். நைட்ராக்ஸ் சிலிண்டர்களுக்குத் தோளைச் சுற்றிப் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அவர் கையில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. அதன் முகத்தில் எண்கள். பக்கத்தில் திருகுவதற்கு ஒரு குமிழ். முதலில் அதை வெறுங்காற்றில் பிடித்து, குமிழைத் திருகி 20.9 என்று நிறுத்தச் சொன்னார். பிறகு சிலிண்டரின் வால்வை மயிரிழையளவு திறந்தார். சீறிக்கொண்டு வந்த வாயுவின் எதிரில் கருவியின் மூக்கை வைத்ததும், எண்கள் 24, 27, 29 என்று விரைவாக ஏறி, பின்பு தயங்கித் தயங்கி, 31.8-இல் வந்து நின்றன. ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றோம், எண் அசையவில்லை. வெள்ளை நாடா ஒன்றைக் கிழித்து ஒட்டி, 'பிராணவாயு 32, ஆழம் 33 மீட்டர்' என்றும், தேதியையும், என் பெயரையும் என் கையாலேயே எழுதச் சொல்லி, பதிவேட்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இதைத்தான் இந்தப் பயிற்சியின் ஜீவன் என்று நான் கருதுகிறேன். கலவையை நிரப்பியவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், ஆசிரியர் எவ்வளவு பிரியமானவராக இருந்தாலும், சுவாசிக்கப் போகிறவன் தானே அளந்து, தானே எழுதி, தானே கையொப்பமிட வேண்டும். பிறர் அளந்ததை நம்பி இறங்குவதற்கு அனுமதி இல்லை. கலவை நிரப்பும்போது தவறு நேர்ந்து முப்பத்திரண்டுக்குப் பதிலாக நாற்பது பங்கு இருந்துவிட்டால், நிறமோ மணமோ அதைக் காட்டிக்கொடுக்காது; அதே முப்பது மீட்டரில் பகுதி அழுத்தம் 1.6-ஐத் தொட்டுவிடும். பிறந்தது முதல் ஒரு கணமும் நினையாமல் இழுத்து விட்டுக்கொண்டிருந்த மூச்சை, நாற்பது வயதில் முதல்முறையாக அளந்து பார்த்துவிட்டு இழுத்தேன். அந்த முதல் மூச்சில் ருசி ஏதும் இல்லை. சாதாரணக் காற்றுப் போலவே இருந்தது. அப்படியே இருக்கும் என்று முன்னரே சொல்லியிருந்தார்கள். நைட்ராக்ஸில் களைப்புத் தெரியாது என்று சொல்பவர்கள் பலர். இரண்டு டைவ் முடிந்தபோது எனக்கு வழக்கமான களைப்பும் வழக்கத்துக்கு மேற்பட்ட பசியும்தான் இருந்தன.

அன்று பகல் உணவின்போது அவர் தம் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். தாத்தா சங்கு குளித்தவர். காலில் கல்லைக் கட்டி, ஒரே மூச்சில் இறங்கி, கயிற்றை அசைத்ததும் மேலே இழுக்கப்பட்டவர். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். அந்தப் பருவத்துக் கதைகளைச் சிறுவயதில் தாத்தாவிடம் கேட்டிருக்கிறார். ஒரே மூச்சில் போய்வந்தவர்களுக்கு இந்த நைட்ரஜன் நோய் அநேகமாக இல்லை. போகும் நேரமும் குறைவு, இழுக்கும் காற்றும் நீருக்கு மேலே இழுத்ததுதான். பின்னால், படகில் கம்ப்ரஸரை வைத்து நீண்ட குழாய் வழியே காற்றைச் செலுத்திச் சங்கு குளிக்கும் முறை பரவியபோது, நெடுநேரம் கீழே இருக்க முடிந்தது. ஆனால் அட்டவணையும் கடிகாரமும் யாரும் கொடுக்கவில்லை. அவருடைய சித்தப்பா இப்போது ஊன்றுகோலின் துணையோடுதான் நடக்கிறார். "எங்க சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கை ஒருத்தர் சொல்லிக் கொடுத்திருந்தா போதும் சார்" என்று சொல்லிவிட்டு, இலையில் மீந்திருந்த சோற்றை மோர் ஊற்றிப் பிசைந்தார். அவர் இந்தத் தொழிலுக்கு வந்த காரணத்தை அதற்குமேல் நான் கேட்கவில்லை. விடுமுறைக்காக மூழ்குகிறவனுக்குக் கிடைக்கும் இந்தக் கல்வி, வயிற்றுக்காக மூழ்குகிறவனுக்கு முதலில் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அவனுடைய மொழியில், அவனுடைய படகில், கட்டணம் கேட்காமல்.

மறுநாள் பரீட்சை எழுதினேன். ஒரு கேள்வியில், நைட்ராக்ஸ் ஆழத்தில் வரும் மயக்கத்தைக் குறைக்குமா என்று கேட்டிருந்தார்கள். குறைக்கும் என்று நம்பக்கூடாது, பிராணவாயுவுக்கும் அந்தக் குணம் உண்டு என்பது சரியான விடை. அதை மட்டும் தவறாக எழுதி, விளக்கம் கேட்டுத் திருத்திக்கொண்டேன். தேறிவிட்டதாக அப்பாவுக்கு அலைபேசியில் சொன்னபோது, மார்க்கு எவ்வளவு என்று கேட்டார்.

இந்த முறை நேராக மலையேறவில்லை. நாமக்கல்லில் தங்கை வீட்டில் இரண்டு இரவு தங்கினேன். ஒன்று போதும்தான், தங்கை விடவில்லை. மாடியில் நின்றால் ஊருக்கு அப்பால் நீலநிறமாக எங்கள் மலை தெரியும். வீட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போகாமல் இருப்பது புதிய அனுபவமாக இருந்தது. மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் எழுபதாவது வளைவைத் தாண்டும்வரை வலது தோளையே கவனித்துக்கொண்டு வந்தேன். அது எனக்குச் சொந்தமான தோளாகவே இருந்தது.

அந்தமானைப் பற்றித் தனியே எழுதவேண்டும். இங்கே சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். ஜானீஸ் கார்ஜில் இருபத்தெட்டு மீட்டரில், பாறை விளிம்பில் படுத்திருந்த சுறாவை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையில், காற்றில் வந்திருந்த மற்றொரு குழு எங்களுக்கு முன்னதாகவே மேலே புறப்பட்டது. நாங்கள் இன்னும் எட்டு நிமிஷம் இருந்தோம். கடைசி டைவ் முடிந்தபின் ஒரு முழு நாளும் ஓர் இரவும் தரையிலேயே கழித்தோம். போர்ட் பிளேர் என்று நாம் அறிந்திருந்த, இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நகரத்தில், செல்லுலர் சிறையின் நீண்ட தாழ்வாரங்களில் அன்று மாலை நடந்தோம். பிறகுதான் விமானம் ஏறினோம்.

புதுச்சேரியிலிருந்து புறப்படும்போது ஆசிரியர் எனக்கு ஒரு பரிசு கொடுத்திருந்தார்: அந்தச் சோப்புப் பெட்டிக் கருவியில் பழையது ஒன்று, இன்னும் சில மாதம்தான் அதன் சென்ஸார் உழைக்கும் என்ற எச்சரிக்கையோடு. பள்ளி திறந்ததும் அதை எட்டாம் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். கடற்கரையில் 20.9-க்கு நிறுத்திய குமிழை நான் தொடவே இல்லை. ஆலத்தூர் நாட்டுக் காற்றில், வகுப்பின் ஜன்னலோரத்தில், அது 18.5 என்று காட்டியது.

"சார், அப்ப நம்ம ஊர்ல பிராணவாயு கொறச்சலுங்களா?" என்று ஒரு மாணவன் கேட்டான். அவன் குரலில் ஊர்ப்பாசமும் வருத்தமும் கலந்திருந்தன. பங்கு குறையவில்லை, காற்று முழுவதுமே இங்கே லேசாக இருக்கிறது, இந்தக் கருவி பங்கை அறியாது, அழுத்தத்தை மட்டுமே அறியும், ஆகையால்தான் எந்த இடத்தில் நிற்கிறோமோ அந்த இடத்தில் இதைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று விளக்கினேன். நூற்றுக்கு இருபத்தொன்று என்பது ஆகாய கங்கை அருவியின் அடியிலும், அறப்பளீசுவரர் கோயில் வாசலிலும், புதுச்சேரிக் கடற்கரையிலும் ஒன்றேதான். சிலருக்குப் புரிந்தது. முன்பெஞ்சில் இருந்த ஒரு பெண், கீழே போகப் போக எண் கூடுமா என்று கேட்டாள். கூடும் என்றேன். பார்த்தால்தான் நம்புவேன் என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. அறிவியல் ஆசிரியனுக்கு அதைவிட வேறு பாக்கியம் என்ன வேண்டும்?

ஆனி மாதத்தில், நாமக்கல்லில் நடந்த அறிவியல் கண்காட்சிக்குப் பன்னிரண்டு பிள்ளைகளை வேனில் அழைத்துப் போக நேர்ந்தபோது, கருவியை அந்த முன்பெஞ்சுப் பெண்ணின் மடியில் வைத்தேன். ஒவ்வொரு வளைவிலும் நெடுஞ்சாலைக்காரர்கள் எண் எழுதியிருக்கிறார்கள். அது எழுபதிலிருந்து இறங்கிக்கொண்டு வரும். கருவியின் எண் ஏறிக்கொண்டு வரவேண்டும். ஐம்பதாவது வளைவில் "பதினெட்டு புள்ளி ஒம்போது" என்று அவள் உரக்கப் படித்தாள். முப்பதில் 19.4. அதற்குள் வேனிலிருந்த பிள்ளைகள் எல்லோரும் ஜன்னலை விட்டுவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். வாந்தி எடுக்கும் என்று எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டிருந்தவன்கூட அதை மறந்துவிட்டான். பத்தாவது வளைவில் சரியாக 20. காரவள்ளியில் டிரைவர் வண்டியை நிறுத்தினார், எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம், 20.3.

அவள் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். வளைவுகளின் எண்களை ஒரு பக்கமும், கருவியின் எண்களை மறுபக்கமுமாக வரிசையாகக் குறித்திருந்தாள். காரவள்ளிக்குக் கீழே 'கடல்' என்று எழுதி, அதன் எதிரே இடம் விட்டிருந்தாள்.